மின்மடலிற் சிதையும் தமிழெழுத்து

என்னோடு ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் பின்னாளிற் கனடாவிற் குடியேறினார். 2001ஆம் ஆண்டில் அவர் எனக்கு நீண்டதொரு மின்மடல் எழுதினார். விடுதி வாழ்க்கை, வெள்ளிக்கிழமைப் பூசை, கணித ஆசிரியரின் கண்டிப்பு, துடுப்பாட்டப் போட்டியொன்றில் நாம் வெல்ல வேண்டிய ஆட்டத்தைத் தோற்ற கதை ஆகிய யாவும் அதில் இருந்தன. அன்று அதனை வாசித்து மகிழ்ந்தேன். நண்பர் இன்று இல்லை. அவர் நினைவாகச் சில வரிகள் எழுதக் கருதி, அண்மையில் அம்மடலைத் தேடித் திறந்தேன். மடல் இருந்தது, தமிழைக் காணவில்லை. ஆங்கில எழுத்துக்களும் காற்புள்ளிகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்து திரை முழுவதும் பரந்து கிடந்தன.

இத்தகைய அனுபவம் எனக்கு மாத்திரம் உரியதன்று. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் பலரும் சங்கத்தின் சுற்றுமடல் சதுரம் சதுரமாகவோ கேள்விக்குறி வரிசையாகவோ வந்து சேரக் கண்டிருப்பர். கண்டவுடன், “தமிழுக்கும் கணினிக்கும் ஒத்துவராது” என்று சொல்லி அதனை அழித்தும் இருப்பர். அங்ஙனம் சொல்லுதல் தவறு என்பதே என் கருத்து. மடல் சிதைவது தமிழின் குறையன்று. எழுதும்போது சிறிது கவனமும், வாசிக்கும்போது சிறிது பொறுமையும் இருப்பின் அதனைப் பெரும்பாலும் தடுக்கலாம். தடுக்கத் தவறியவிடத்துப் பெரும்பாலும் மீட்கவும் கூடும். இன்று மீட்காவிடின் நாளை மீட்பார் இலர். ஆதலால் இவ்விடயத்தைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன்.

மின்மடலைக் கொண்டுசெல்லும் அடிப்படை விதிகள் 1982இல் வகுக்கப்பட்டன. அவ்விதிகள் ‘அஸ்கி’ என்னும் குறிமுறையை ஆதாரமாகக் கொண்டவை. அம்முறையில் மொத்தம் 128 இடங்களே உண்டு. அவற்றுள் ஆங்கில எழுத்துக்களும் இலக்கங்களும் நிறுத்தக் குறிகளும் அமர்ந்துவிட்டன. தமிழுக்கு அங்கே இடமில்லை. இந்நிலையில் நம்மவர் ஓர் உபாயம் கண்டனர். ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலே தமிழெழுத்தின் வடிவத்தை வரைந்து, அதனை ஓர் எழுத்துருவாகக் கணினியில் நிறுவினர். இலங்கைத் தமிழரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெரிதும் வழங்கிய ‘பாமினி’ இவ்வகையைச் சேர்ந்தது. பாமினி முறையில் ‘தமிழ்’ என்று எழுதினால், கணினி தன் நினைவிற் பதிந்துகொள்வது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. நாம் தமிழென்று கண்டது அவ்வெழுத்துக்களுக்குப் போர்த்திய சட்டையை மாத்திரமே. எழுத்துரு இல்லாத கணினியிற் சட்டை கழன்றுவிடுகின்றது.

இதனால் விளைந்த இடர் வேறொன்றும் உண்டு. பாமினியில் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எம்’ அகரமாகும். பேரெழுத்து ‘எம்’ ஆகாரமாகும். வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பேரெழுத்தாக்கும் பழக்கம் சில மென்பொருள்களுக்கு உண்டு. ஆங்கிலத்துக்கு உதவி செய்வதாக எண்ணி அவை செய்யும் இத்திருத்தம் ‘அன்புள்ள’ என்பதை ‘ஆன்புள்ள’ என்று ஆக்கிவிடும். என் நண்பரின் மடலும் அங்ஙனமே தொடங்கியது.

அந்த எழுத்துருக்களை ஆக்கியோரையும் பயன்படுத்தியோரையும் குறைகூறுதல் நன்றியன்று. வேறு வழி எளிதிற் கிடையாத காலத்திலே, தாய்மொழியில் எழுத வேண்டும் என்ற ஆர்வத்தால் அவர்கள் செய்த பணி அது. ஆனால் இன்று அந்நிலை இல்லை. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனி இடம் வகுத்த ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கும் அதிலே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ஒருங்குறியை எழுதும் ‘யூ.ரி.எவ்.8’ என்னும் முறை 1992இல் வகுக்கப்பட்டது. அதே ஆண்டில் ‘மைம்’ என்னும் விதிகளும் வெளியாயின. மடலில் உள்ளது எவ்வகை எழுத்து, அஃது எம்முறையிற் பொதியப்பட்டது என்பதை மடலின் தலைக்குறிப்பிலே சொல்லிவிடும் வழக்கம் இவற்றால் ஏற்பட்டது. இலங்கையில் தமிழ்க் குறிமுறைக்கும் விசைப்பலகைக்குமான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமம் 2008இல் ஒருங்குறியைத் தழுவி அமைந்தது. தமிழ்நாட்டரசும் 2010இல் ஒருங்குறியை நியமமாக ஏற்றது. ஆகவே, தமிழெழுத்துக்குரிய ஆசனம் எப்போதோ இடப்பட்டுவிட்டது. நாமே அதில் அமராது நிற்கின்றோம்.

இனி, சிதைந்த மடலொன்று கைக்கு வந்தால் யாது செய்வது? வைத்தியர் நாடி பார்த்து நோயறிவது போல, சிதைவின் தோற்றத்தைப் பார்த்தே அதன் காரணத்தை அறியலாம். எல்லாச் சிதைவும் ஒரே நோயன்று. அழித்துவிடுமுன் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலாவது, எழுத்துக்களுக்குப் பதிலாக வெறுஞ் சதுரங்கள் தோன்றுதல். மடலுக்கு யாதொரு பழுதும் இல்லை. வாசிப்பவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே இதன் பொருள். வேறொரு கணினியிலோ கைத்தொலைபேசியிலோ திறந்தால் தமிழ் தெளிவாகத் தோன்றும். இச்சதுரங்களை ‘ரோவு’ என்னும் சோயாக் கட்டிக்கு ஒப்பிட்டுப் பேசுவது கணினியாளர் வழக்கம். அவை தோன்றாதிருத்தல் வேண்டும் என்ற நோக்கோடு கூகிள் நிறுவனம் ஆக்குவித்த எழுத்துருக் குடும்பத்துக்கு ‘நோட்டோ’ என்ற பெயரும் அதனாலேயே வந்தது. தமிழுக்கும் அக்குடும்பத்தில் எழுத்துரு உண்டு, விலையின்றிப் பெறலாம்.

இரண்டாவது, தலையிற் சாய்கோடிட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும், அதனையடுத்து வட்டத்துள் அடைபட்ட ‘ஆர்’ எழுத்தும் மீண்டும் மீண்டும் வருதல். இது யூ.ரி.எவ்.8 முறையில் எழுதிய தமிழை, மேலை ஐரோப்பிய எழுத்தென்று கணினி தவறாக வாசித்ததன் அடையாளம். அம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைற்றுக்களாக எழுதப்படும். அம்மூன்றையும் மூன்று தனி எழுத்துக்களாகக் கணினி காட்டுகின்றது. மடல் உள்ளே நலமாகவே இருக்கின்றது. எழுத்துக் குறிமுறையை யூ.ரி.எவ்.8 என்று மாற்றும் வசதி இருப்பின் மாற்றுக. இன்றேல் வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்க. சமக்குறியும் அதன்பின் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் பூச்சியமும் அடுக்கடுக்காக வருவதும் இதற்கு உறவான நோயே. அங்கே பொதி அவிழ்க்கப்படாமலே நம் கைக்கு வந்துள்ளது.

மூன்றாவது, முன் கூறிய பாமினிக் குழப்பம். ஆங்கில எழுத்துக்களுக்கிடையே, சொல்லின் நடுவிலும் அரைப்புள்ளி மிகுந்து காணப்படின் ஐயுறுக. பாமினியில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளியாக நிற்பது அவ்வரைப்புள்ளியே. தமிழில் மெய்யெழுத்து மிகுதியாதலின் அரைப்புள்ளியும் மிகும். இம்மடலை ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் உள. மாற்றியபின் மனிதக் கண்ணாலும் வாசித்துத் திருத்துதல் அவசியம். ஏனெனில், மடலின் நடுவே ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மாற்றியானது தமிழ்க் குறியென்று கருதிக் குலைத்துவிடும்.

நான்காவது, கொம்பும் காலும் தனித்துப் பிரிந்து, புள்ளிகளாலாகிய சிறு வட்டமொன்றுடன் நிற்றல். பழைய தட்டெழுத்துப் பொறியிலே ‘கெ’ என்று எழுத முதலிற் கொம்பையும் பின்பு ககரத்தையும் அடித்தோம். ஒருங்குறியிலோ ககரமே முதலிற் பதியப்படல் வேண்டும். கொம்பு அதன் பின்னர். சில விசைப்பலகைகள் நம் பழக்கத்துக்கு இயையத் தாமே ஒழுங்கை மாற்றிக்கொள்ளும், சில மாற்றா. இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது ஔகாரம். ‘ஔவையார்’ என்பதனை ஒகரமும் ளகரமும் இட்டு எழுதினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் பின்னொரு நாள் ஔவையாரைக் கணினியில் தேடும் மாணவனுக்கு அவர் அகப்படமாட்டார்.

ஐந்தாவது, மடல் முழுவதும் கேள்விக்குறிகளே நிறைந்திருத்தல். இது மாத்திரம் தீராத நோய். தமிழுக்கு இடமில்லாத பழைய குறிமுறையிலே யாரோ அம்மடலைச் சேமித்துவிட்டனர். ஒவ்வோர் எழுத்தும் அழிந்து, அதனிடத்திற் கேள்விக்குறி அமர்ந்துவிட்டது. எம்மாற்றியாலும் இதனை மீட்க இயலாது. அனுப்பியவரிடம் மூலம் இருப்பின் மீண்டும் பெறலாம். அவரும் இல்லையேல் மடலும் இல்லை. இந்த ஐந்தாவது நோய்க்கு அஞ்சியே மற்றை நான்கிலும் விரைந்து கருமமாற்ற வேண்டுமென்கின்றேன்.

வாசிப்பவர் கடமை இவ்வளவு. அனுப்புவோர் கடமை இதனினும் பெரிது. நமது சங்கங்கள் தவறுவதும் இங்கேயே. எழுத்துச் சிதையுமென்று அஞ்சி, அழைப்பிதழையும் சுற்றுமடலையும் ஒரு படமாக்கி அனுப்பும் வழக்கம் பெருகியுள்ளது. படத்தில் எழுத்துச் சிதையாது என்பது மெய்யே. ஆனால் படத்திலுள்ளது எழுத்தன்று, எழுத்தின் நிழல். பல மடற்பெட்டிகள் படங்களை உடனே காட்டுவதில்லை. கைத்தொலைபேசியின் சிறிய திரையிற் படத்தின் எழுத்து எறும்பளவாகும். கண்பார்வை குன்றிய முதியோருக்காக மடலை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் வெறும் படத்தின் முன் ஊமையாகிவிடும். சில ஆண்டுகள் சென்றபின் “அக்கூட்டம் எந்நாளில் நடந்தது?” என்று தேடினால் விடை கிடையாது. ஆதலால் படத்தை அழகுக்காகச் சேர்க்கலாம். நாள், நேரம், இடம், தொடர்புகொள்ள வேண்டியவர் ஆகிய விபரங்கள் மடலின் உடலிலே எழுத்தாகவும் இருத்தல் வேண்டும். பீ.டி.எவ். கோவையை இணைப்போர்க்கும் இதுவே சொல்லத்தக்கது.

வேறு சில சிறு பிழைகளும் உள. நன்கொடையாளர் பெயரையும் தொகையையும் நேர்வரிசையில் நிறுத்த, வெற்றிடங்களை அடுக்கி எழுதுகின்றனர். தமிழெழுத்துக்கள் ஒன்றுக்கொன்று அகலம் வேறானவை. ணகரத்தின் அகலம் ரகரத்துக்கு இல்லை. எழுதியவர் திரையில் நேராக நின்ற வரிசை வாசிப்பவர் திரையிற் கலைந்து, ஒருவர் பெயருக்கெதிரே மற்றொருவர் தொகை நிற்கும். பணவிடயத்தில் இது மனத்தாங்கலுக்கும் இடமாகும். அட்டவணையாகவே அமைத்தல் வேண்டும். அன்றேல் ஒரு வரிக்கு ஒரு பெயராக எழுதிப் பெயரையடுத்தே தொகையையும் எழுதுதல் நன்று. சொற்செயலியில் அலங்காரமாக எழுதியதை அவ்வாறே எடுத்து மடலில் ஒட்டுவதும் தவறு. கண்ணுக்குத் தோன்றாத அமைப்புக் கட்டளைகள் பல அதனோடு ஒட்டிக்கொண்டு வந்து, பெறுவோர் திரையில் எழுத்தைப் பெருப்பித்தும் சிறுப்பித்தும் வரியை முறித்தும் காட்டும். அமைப்பு நீக்கி வெற்றெழுத்தாக ஒட்டியபின், வேண்டிய அளவிலே அழகு செய்க.

நீண்ட மடலுக்கும் எல்லையுண்டு. ஜிமெயில், ஏறக்குறைய 102 கிலோபைற்றைக் கடந்த மடலின் எஞ்சிய பகுதியை மறைத்து, முழுவதையும் காண ஓர் இணைப்பை மாத்திரம் காட்டும். ஆங்கில எழுத்து ஒரு பைற்றுக் கொள்ளுமிடத்துத் தமிழ்க் குறி மூன்று பைற்றுக் கொள்வதால், தமிழ்ச் சுற்றுமடல் அவ்வெல்லையை விரைவில் அடையும். தலைவர் செய்தியும் செயலாளர் அறிக்கையும் முன்னே நிற்க, பொதுக்கூட்ட நாள் இறுதியில் வருமாயின், மறைவது அந்நாளேயாகும். முக்கியமானதை முதலிற் கூறுக. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்நூறு பேருக்கு அனுப்புமுன் தமக்கே ஒரு பிரதியும், வேறு வகை மடற்பெட்டியுடைய நண்பர் ஒருவருக்கு ஒரு பிரதியும் அனுப்பிப் பார்த்தல் நன்று. அச்சகத்தார் முதற்படியைப் பார்க்காமல் நூலை அச்சிடுவரோ?

“இத்தொல்லையெல்லாம் எதற்கு? ஆங்கிலத்தில் எழுதிவிடலாம், அன்றேல் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதலாம்” என்பார் உளர். ஆங்கிலம் நன்கறிந்தார்க்கு ஆங்கிலத்தில் எழுதுவதை யான் மறுக்கவில்லை. நம் கல்லூரியிலே இரு மொழியும் கற்றோம். ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது இரு மொழிக்கும் நன்மையன்று. வாழைப்பழத்திலுள்ள லகரம் எது, பள்ளியிலுள்ளது எது என்று வேறுபாடு காட்ட அங்கே பொது முறையொன்று நம்மவரிடை வழங்கவில்லை. ரகரமும் றகரமும் ஒன்றாகும். மூன்று னகர ணகரங்களும் ஒன்றாகும். தமிழை நன்கறிந்தவர் ஊகித்து வாசித்துக்கொள்வர். வெளிநாட்டிற் பிறந்து, தமிழெழுத்தை அரிதின் முயன்று கற்கும் நம் பேரப்பிள்ளைகள் எதைக்கொண்டு ஊகிப்பர்? தாத்தாவே தமிழெழுத்தைக் கைவிட்ட பின்னர், அதனைக் கற்கும்படி அவர்களுக்கு எம்முகத்தோடு சொல்வது?

ஊகித்து வாசிப்பதன் துன்பத்தை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஓலைச்சுவடியிலே மெய்க்குப் புள்ளி இடுவதில்லை; ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை; கொம்பிற் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. அத்தகைய ஏடுகளை ஊர் ஊராகத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, அச்சேற்றியவருள் ஒருவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. 1881இல் வீரசோழியமும் 1887இற் கலித்தொகையும் அவர் முயற்சியால் அச்சில் வெளிவந்தன. ஏடு செல்லுக்கு இரையாகுமுன் தாளுக்கு மாற்றவேண்டும் என்ற அவசரம் அவர்க்கு இருந்தது. பழைய எழுத்துருவிற் கிடக்கும் நம் மடல்களும் அத்தகைய ஏடுகளே. பாமினியை விரல்நுனியில் அறிந்த தலைமுறை இன்றும் நம்மிடையே உண்டு. அத்தலைமுறை மறைந்தபின் அம்மடல்களைக் காண்போர், அவை தமிழென்றே அறியாது குப்பையென்று தள்ளிவிடக்கூடும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அந்நெருப்பை நாம் மூட்டவில்லை. நம் மடற்பெட்டியில் உள்ளவை அழியுமாயின் பழி பிறரைச் சாராது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்க்கும் ‘நூலகம்’ என்னும் முயற்சி 2005இல் தொடங்கிற்று. அச்சில் வந்தவற்றுக்கு அஃதொரு காப்பு. ஆயின் யுத்த காலத்திலும் இடப்பெயர்வுக் காலத்திலும் பழைய மாணவர் தமக்குள் எழுதிய மடல்கள் அச்சில் வந்தவையல்ல. யார் எங்கே சென்றார், யார் யாருக்கு உதவினார், கல்லூரிக் கட்டடத்தைத் திருத்தப் பணம் எவ்வாறு திரட்டப்பட்டது என்பன அம்மடல்களிலேயே உள.

ஆதலின், விழாக் கொண்டாடும் இவ்வாண்டிலே ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் பழைய மடல்களுட் காக்கத்தக்கவற்றைத் தெரிந்தெடுத்து, ஒருங்குறிக்கு மாற்றி, எழுதியவர் பெயரும் ஆண்டும் குறித்து வைத்தல் வேண்டும். எழுதியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ உத்தரவு பெற்றபின், சங்கத்திடம் ஒரு பிரதி ஒப்புவிக்கலாம். மூலத்தை அழித்துவிடலாகாது, அஃது எந்த எழுத்துருவில் இருந்தது என்பதையும் குறித்தல் நன்று. மாற்றுந் தொழிலுக்கு மேல்வகுப்பு மாணவரைத் துணைக்கொள்ளலாம். அவர்களுக்குக் கணினி தெரியும். முதியோர்க்கு அம்மடல்களின் பின்னுள்ள கதை தெரியும். இரு சாராரும் ஒரு மேசையில் இருந்து வேலைசெய்தால், சேமிக்கப்படுவது எழுத்து மாத்திரமன்று.

என் நண்பரின் மடலை ஒரு மாலைப்பொழுதில் மாற்றி முடித்தேன். மாற்றியானது சில பெயர்களைக் குலைத்திருந்தது. அவற்றை நினைவைக்கொண்டு திருத்தினேன். தோற்ற ஆட்டத்திற் பிடியைத் தவறவிட்டவன் யான் என்று அவர் எழுதியிருந்ததைத் திருத்தவில்லை. அஃது உண்மை. ‘ஆன்புள்ள நண்பனுக்கு’ என்ற முதல்வரியை ‘அன்புள்ள நண்பனுக்கு’ என்று சீர்செய்து, பிரதியொன்றை அவர் மகளுக்கு அனுப்பினேன். தந்தையின் தமிழை அவர் முதன்முறையாகத் தம் கைத்தொலைபேசியில் வாசித்ததாக மறுநாள் பதில் வந்தது. பதிலும் தமிழில் இருந்தது, ஓரெழுத்தும் சிதையவில்லை.